ரோட்டுக்குக் கீழே ஒரு வீடு

எங்கள் கிளையில் புதிதாகச் சேர்ந்திருக்கும் டெலிவரி ஆட்களுக்கு ஒரு நாள் வந்து பேச வேண்டும் என்று போன மாதம் கூப்பிட்டார்கள். மலை ஊரில் முகவரி கண்டுபிடிப்பது எப்படி என்று என் அனுபவத்தைச் சொல்ல வேண்டுமாம். போனில் மேப்பைப் பார்த்துக்கொண்டே போகிற பிள்ளைகள் ரோட்டோரத்தில் நின்று திருதிருவென்று முழிக்கிறார்களாம். ராசண்ணனுக்குத் தெரியாத வீடு ஊட்டியில் உண்டா என்று பேசியவர் எனக்கு ஐஸ் வேறு வைத்தார். பார்க்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்துவிட்டேன். போயிருந்தால் அங்கே எதைச் சொல்லியிருக்க வேண்டுமோ, அதை இங்கே எழுதுகிறேன். எழுதும்போது யாரும் என் மூஞ்சியைப் பார்க்கப் போவதில்லை, அந்த மட்டில் நிம்மதி.

என் பெயர் செல்வராசு. தனியார் கூரியர் கம்பெனி ஒன்றின் ஊட்டிக் கிளையில் வேலைக்குச் சேர்ந்தேன், அங்கேயே ஓய்வும் பெற்றேன். வேலை பழகிய கதையைச் சொல்லி உங்களை அறுக்க மாட்டேன். சைக்கிள் இந்த ஊருக்கு ஆகாது என்பது முதல் வாரத்திலேயே தெரிந்துபோயிற்று. கொஞ்ச காலம் நடந்தேன், பிறகு மொபெட், பிறகு பைக். பாங்கிக் கவரும் செக் புத்தகமும் கொண்டுபோன பையில் பின்னாளில் செருப்பும் மிக்ஸியும் வந்தன. மழைக்கோட்டு மட்டும் கடைசி வரை மாறவில்லை.

இந்த ஊரின் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். கோயமுத்தூரில் ஒரு வீதி என்றால் வலது பக்கம் வீடு, இடது பக்கம் வீடு. இங்கே ரோட்டுக்கு வலதும் இடதும் கிடையாது. மேலே, கீழே, அவ்வளவுதான். ரோட்டுக்கு மேலே இருக்கிற வீட்டுக்குக் கேட் இருக்கும், பெயர்ப்பலகை இருக்கும், கார் ஏறிப் போகச் சரிவாகப் பாதை இருக்கும். கீழே இருக்கிற வீட்டுக்கு ரோட்டிலிருந்து பார்த்தால் தகரக் கூரை மட்டும்தான் தெரியும். மேப் உங்களைத் தடுப்புச்சுவர் ஓரத்தில் கொண்டுவந்து நிறுத்தி, இடம் வந்துவிட்டது என்று சொல்லும். வந்துவிட்டதுதான், ஆனால் வீடு உங்கள் காலுக்கு அடியில் இருக்கும். வாசலுக்குப் போக வேண்டுமென்றால் ரெண்டு கடைக்கு நடுவில் ஒரு சந்தைக் கண்டுபிடித்து, சாக்கடையை ஒட்டின படியில் இறங்க வேண்டும். ஏற்றத்தில் ஒரு வளைவுக்கும் அடுத்த வளைவுக்கும் நடுவில் இருக்கிற வீடுகளுக்கோ எந்த ரோட்டின் பெயரைப் போடுவது என்பதே தகராறு. அதனால் கீழே இருக்கிற அத்தனை குடும்பமும் மேலே இருக்கிற கடையின் கதவு எண்ணைப் போட்டு, அதற்குக் கீழே என்று எழுதிக்கொள்வார்கள்.

எங்கள் மேனேஜர் சதாசிவம், கோபிச்செட்டிபாளையத்துக்காரர். வேலைக்கு வந்த நாளிலிருந்து வெந்நீர் பிளாஸ்க்கும் கழுத்தைச் சுற்றின மப்ளருமாகத்தான் இருந்தார், குளிர் அவருக்குப் பழகவே இல்லை. குரலை உயர்த்த மாட்டார், யாரையும் வாடா போடா என்று கூப்பிட மாட்டார். ஒரு பார்சல் கொடுக்கப்படாமல் திரும்பி வந்தால் மட்டும் அவருக்கு ஒரு முறை உண்டு. சாயங்காலம் எல்லோரும் திரும்பி வந்த பிறகு, கொண்டுபோனவரிடமே அந்தப் பெட்டியைக் கொடுத்து முகவரியைச் சத்தமாகப் படிக்கச் சொல்வார். படித்து முடித்ததும் ஒரே கேள்விதான் கேட்பார்: "எந்த எடத்துல நின்னீங்க?"

ஒரு தடவை நான் மாட்டினேன். லவ்டேல் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லைன் வீட்டுக்கு வந்த பார்சலை, முகவரி முழுமையில்லை என்று போட்டுத் திருப்பிக் கொண்டுவந்திருந்தேன். சத்தமாகப் படித்தேன். எங்கே நின்றேன் என்று கேட்டார், ஃபேக்டரி வளைவில் என்றேன். அங்கிருந்து லைன் தெரிந்ததா என்றார், கூரை தெரிந்தது என்றேன். மனுஷன் நிதானமாக வெந்நீரை ஊற்றிக் குடித்துவிட்டுச் சொன்னார்:

"அப்ப அட்ரஸ் முழுசாத்தானுங்க இருக்குது. நீங்கதான் முழுசாப் போகல."

மறுநாள் போய்க் கொடுத்தேன். அதற்குப் பிறகு என் பையிலிருந்து திரும்பி வந்த பார்சல் அபூர்வம். ராசுவின் பீட்டில் ரிட்டன் கிடையாது என்று மேனேஜரே மற்றவர்களிடம் சொல்வார். அதன் லட்சணத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

என் பீட்டு, அதாவது நான் தினமும் கொடுக்கப் போகிற பகுதி, பெர்ன்ஹில். அங்கே பங்களாக்கள் உண்டு. கேட்டில் வண்டியை நிறுத்தி, நாய்க்குப் பயந்து, மரங்களுக்கு நடுவில் பாதி பர்லாங்கு நடந்து, வாசலில் செருப்பைக் கழற்றாத குறையாக நின்று கொடுத்துவிட்டு வருவேன். எந்த பங்களாக்காரரையும் கேட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று நான் கூப்பிட்டதில்லை. அதே ரோட்டில் ஒரு பேக்கரி இருக்கிறது. பேக்கரிக்குப் பக்கத்துச் சந்தில் இறங்கினால் சரிவில் அடுக்கடுக்காக வீடுகள். ஊரில் அதற்குக் குழி என்று பெயர். குழிக்காரர்களுக்குப் பார்சல் வந்தால் பேக்கரி முன்னால் பைக்கை நிறுத்தி போன் போடுவேன், போகாவிட்டால் சந்து முனையில் நின்று சத்தம் கொடுப்பேன். வேலையைப் போட்டுவிட்டு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்க ஏறி வருவார்கள். கைக்குழந்தைக்காரிகளும் வருவார்கள், ஊன்றுகோல் வைத்திருப்பவர்களும் வருவார்கள். வாங்கிக்கொண்டு எனக்கு நன்றி வேறு சொல்லுவார்கள். ரிட்டன் இல்லாத ரகசியம் அதுதான். அந்தக் கடைசித் தூரத்தை நடந்தது நானில்லை, அவர்கள்.

இதில் கேவலம் எங்கே இருக்கிறது என்றால், என் வீடும் அந்தக் குழியில்தான் இருக்கிறது.

என் அப்பா அவிநாசிப் பக்கத்திலிருந்து மார்க்கெட்டில் மூட்டை தூக்க வந்தவர். அவர் கட்டின வீடு அது. நான் பிறந்ததும் வளர்ந்ததும் கல்யாணம் பண்ணியதும் அங்கேதான். ஆபீசில் யாராவது வீடு எங்கே என்று கேட்டால் பெர்ன்ஹில் என்பேன். பொய்யில்லை பாருங்கள். பெர்ன்ஹில் ரோட்டுக்குக் கீழே என்பதில் ஒரு வார்த்தையைத்தான் விட்டேன். அடேங்கப்பா, பெர்ன்ஹில்லா என்று ஒருவன் சொன்னால் உள்ளுக்குள் குளிர்ந்துபோகும். மகள் பெரியவளாகிச் சீர் செய்தபோது வீட்டில் வைக்காமல் மண்டபம் பிடித்தேன், ஆபீஸ்காரர்கள் வருவார்களே என்று. பெர்ன்ஹில் பீட்டை யாருக்கும் விட்டுக்கொடுக்காமல் அத்தனை வருஷம் வைத்திருந்ததும் அதற்காகத்தான். வேறு ஒருவர் அங்கே வந்தால் என் வீட்டைப் பார்த்துவிடுவாரே. ஆதார் எடுத்தபோதுகூட, குழியில் எல்லோரும் பேக்கரிக்குக் கீழே என்று கொடுத்தார்கள். நான் மட்டும் பேக்கரி கட்டடம் என்று கொடுத்தேன், மகளுக்கும் அதையே.

பக்கத்து வீட்டு மாரியக்காவுக்கு என்னைக் கண்டாலே வாய் சும்மா இருக்காது. பகலில் ரோட்டில் நின்று போன் போட்டு அவளை மேலே வரவழைக்கிறவன், பொழுதுசாய அதே படியில் வெறுங்கையோடு இறங்கி அவள் வாசலைத் தாண்டித்தானே போக வேண்டும். "வந்துட்டாருடி கலெக்டரு" என்பாள். பார்சலை வீட்டுக்கு எடுத்துப்போகக் கூடாது, அது கம்பெனி ரூல் என்று நான் சட்டம் பேசுவேன். ரூல் என்னமோ நிஜம்தான். ஆனால் பார்சலோடு இறங்கினால் நான் குழிக்காரன் என்று ஆகிவிடும். அதுதான் எனக்குத் தொண்டையில் சிக்கின முள்.

ஓய்வுக்குக் கொஞ்ச மாதம் இருக்கும்போது முழங்கால் போய்விட்டது. மேனேஜர் என்னைப் பார்சல்களைப் பகுதிவாரியாகப் பிரிக்கிற மேசையில் உட்கார வைத்துவிட்டு, என் பீட்டை ரெஜினாவிடம் கொடுத்தார். கூடலூர்க்காரி, ரெண்டு பிள்ளைக்குத் தாய், ஸ்கூட்டரில் எந்த ஏற்றத்துக்கும் அஞ்சாதவள். அவளோடு ஒரு நாள் போய் வழி காட்டினேன். ஒவ்வொரு பங்களாவாகச் சொல்லிக் கொடுத்தேன். பேக்கரி வந்ததும், கீழே இறங்க வேண்டாம், படி வழுக்கும், போன் போட்டால் அவர்களே வருவார்கள், எடுக்காவிட்டால் திருப்பிக் கொண்டுவந்துவிடு என்றேன். தலையை ஆட்டினாள். அப்பாடா என்று இருந்தது எனக்கு.

அந்தச் சமயத்தில்தான் என் மகள் கோகிலாவுக்கு வேலை கிடைத்தது. பெங்களூர் கம்பெனி, வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை. அதற்கான லேப்டாப்பைக் கம்பெனியே கூரியரில் அனுப்பும். அதைச் சேர வேண்டியவரின் வீட்டு வாசலில் வைத்து, அடையாள அட்டையைச் சரிபார்த்து, ஆளும் கதவும் தெரிய போட்டோ எடுத்துத்தான் கொடுக்க வேண்டும். அந்த ஆள் அந்த முகவரியில்தான் இருக்கிறார் என்பதற்குக் கம்பெனிக்கு அதுதான் சான்று. பெட்டி திரும்பிப் போய்விட்டால் முகவரி பொய் என்று ஆகி வேலையும் போகலாம் என்று முன்கூட்டியே எழுதியிருந்தார்கள். எங்கள் வீட்டில் முதல் ஆபீஸ் வேலை அது. குழியில் வீட்டுக்குள் போன் எடுக்காது. குழாயடிப் படியில் நின்றால்தான் சிக்னல் வரும். கோகிலா அன்று காலையிலிருந்தே போனைக் கையில் வைத்துக்கொண்டு அந்தப் படியில் நின்றிருக்கிறாள். மத்தியானம் மழை பிடித்துக்கொண்டதும் வீட்டுக்குள் போயிருக்கிறாள்.

பெட்டி எங்கள் கிளைக்குத்தான் வரும் என்று எனக்குத் தெரியும். அன்று காலை நானே அதை எடுத்து ரெஜினாவின் பையில் வைத்தேன். பேக்கரிக்காரர் கீழே சொல்லி அனுப்புவார், கோகிலா ஏறி வருவாள், எப்படியோ மேலேயே முடிந்துவிடும் என்று நினைத்தேன். வாசலில் போட்டோ எடுக்க வேண்டும் என்பதை யோசிக்காமலா இருந்தேன்? யோசித்தேன். பேக்கரிக் கதவே போதும், முகவரியில் அதுதானே இருக்கிறது என்று கணக்குப் போட்டேன்.

சாயங்காலம் ரெஜினா பெட்டியோடு திரும்பி வந்தாள். மேனேஜர் வழக்கம்போலப் படிக்கச் சொன்னார். என் மகளின் பெயரையும், நான் திரித்துக் கொடுத்த முகவரியையும் அவள் சத்தமாகப் படித்தாள். எந்த இடத்தில் நின்றீர்கள் என்று கேட்டார். பேக்கரி முன்னால் என்றாள். அந்தப் பெண் கீழே இருப்பதாகப் பேக்கரிக்காரர் சொன்னாராம், போட்டுப் போட்டுப் பார்த்தும் போன் போகவில்லையாம். ஏன் இறங்கவில்லை என்றார். ராசு சேட்டன் இறங்க வேண்டாம் என்று சொல்லியிருந்தார் என்றாள். குறையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள்.

மேனேஜர் என் மேசைப் பக்கம் திரும்பினார். "ஏனுங்க ராசு, உங்க பழைய பீட்டுதானுங்களே. இந்தப் புள்ள ஊடு எங்கன்னு தெரியுங்களா?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஆபீசில் என் மகளை நான் எப்போதும் பாப்பா என்றே சொல்லி வந்ததால் யாருக்கும் பொறி தட்டவில்லை. என் மகள்தான் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் தானாகத் திறந்தது.

"குழிக்குள்ள எங்கியாச்சும் இருக்குமுங்க."

இதை எழுதுகிற இந்த நேரத்திலும் உடம்பு கூசுகிறது.

வீட்டுக்கு வந்தேன். கோகிலா குழாயடிப் படியில் நின்றுகொண்டிருந்தாள், போனில் வந்த செய்தியைக் காட்டினாள். வாடிக்கையாளர் முகவரியில் இல்லை என்று இருந்தது. நான் வீட்டில்தானே இருந்தேன் அப்பா, எப்படி இப்படிப் போடுகிறார்கள் என்று அழாத குறையாகக் கேட்டாள். காலையில் நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். சீக்கிரமே போய் யாருக்கும் தெரியாமல் பெட்டியை எடுத்து வந்துவிடலாம் என்பதுதான் என் திட்டம். ஆனால் டெலிவரி ஆளின் போனிலிருந்து போட்டோ ஏற்றினால்தான் அது செல்லும், மேசைக்காரன் கையில் ஒன்றும் இல்லை. அதைவிட, நான் போனபோது மேனேஜர் எனக்கு முன்னாலேயே வந்து மப்ளரை இறுக்கிக்கொண்டு நின்றிருந்தார். பெட்டி ரெஜினா கையில் இருந்தது.

"ஒரு புள்ளையோட வேலை விசயமுங்க, நானே வர்றேன். நீங்களும் வாங்க ராசு, வழி காட்டுங்க."

முழங்கால் வலிக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். மெதுவாகவே இறங்கலாம் என்றார்.

பேக்கரிச் சந்தில் நான் முன்னால், எனக்குப் பின்னால் மேனேஜர், கடைசியில் ரெஜினா. படி ஈரமாக இருந்தது. எந்தப் படி ஆடும், எங்கே சாக்கடைக் கல் தூக்கிக்கொண்டிருக்கும் என்பதெல்லாம் என் காலுக்குப் பாடம். முதல் தடவை வருகிறவன்போலத் தடவித் தடவி இறங்கினேன். நடிப்பு நாலு வீட்டைத் தாண்டவில்லை. குழாயடியில் குடம் பிடித்துக்கொண்டிருந்த மாரியக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

"ஏனுங்க, இப்பத்தான வேலைக்குப் போனீங்க, அதுக்குள்ள ஊட்டுக்கு வந்துட்டீங்க? ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"

இன்றைக்காவது அவள் என்னைக் கலெக்டர் என்று கூப்பிட்டிருக்கக் கூடாதா? உண்மையான அக்கறையோடு கேட்டாள். பின்னால் மேனேஜரின் காலடி ஒரு கணம் நின்றது, பிறகு தொடர்ந்தது. அவர் ஏதாவது கேட்டிருந்தால் தேவலை.

கதவைத் திறந்த கோகிலா, அப்பா என்றாள். பிறகு பெட்டியைப் பார்த்தாள், முகம் மலர்ந்துபோயிற்று. அப்பாவே மேனேஜரைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார் என்று நினைத்துவிட்டாள். உள்ளே வாங்க சார், உட்காருங்க சார் என்று ஓடி நாற்காலியைத் துடைத்தாள். மேனேஜர் அட்டையைச் சரிபார்த்தார். ரெஜினா போட்டோ எடுக்க போனைத் தூக்கினாள். அப்போதுதான் மேனேஜர் என்னிடம் பேசினார்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க ராசு, கதவு மறையுது."

உள்ளே தெரியாமல் வாசலை அடைத்துக்கொண்டு நின்றிருக்கிறேன். எனக்கே தெரியவில்லை. தள்ளி நின்றேன்.

கதவில் எண் கிடையாது. அடையாளம் என்ன போடுவது என்று ரெஜினா கேட்டாள். கோகிலா யோசிக்கவே இல்லை. "எங்கப்பா பேரையே போட்டுக்குங்கக்கா. கூரியர் ராசு ஊடுன்னா இங்க எல்லாத்துக்கும் தெரியும்" என்றாள். அதைச் சொல்லும்போது அவள் குரலில் இருந்த பெருமையை என்னால் தாங்க முடியவில்லை. ரெஜினா அப்படியே போட்டாள். போட்டுவிட்டு, "நேத்து சாரு கேட்டப்போ சேட்டன் ஒண்ணும் சொல்லலையல்லோ" என்றாள் என்னிடம், வாய்தவறித்தான். கோகிலா அவளைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன்.

திரும்பி ஏறும்போது மேனேஜருக்கு மூச்சு வாங்கியது. பாதிப் படியில் நின்று தடுப்புச்சுவரைப் பிடித்துக்கொண்டார். ரெஜினா மேலே போய்விட்டிருந்தாள்.

"இத்தன வருசமா எந்த எடத்துல நின்னீங்க, ராசு?" என்றார். கோபமே இல்லை குரலில். பதிலுக்குக் காத்திருக்காமல் ஏறத் தொடங்கினார். மறுநாளிலிருந்து குழிக்கு வரும் பார்சலை வாசலில்தான் கொடுக்க வேண்டும் என்று எல்லோருக்கும் சொன்னார், என் பெயரை இழுக்காமல். ஓய்வு நாளில் சால்வை போட்டார். ரிட்டன் இல்லாத பீட்டு என்று மட்டும் அவர் பேச்சில் வரவில்லை.

அன்று பொழுதுசாய வீட்டுக்குப் போனபோது கோகிலா பெட்டியைப் பிரிக்காமல் வைத்திருந்தாள். நேற்று ராத்திரி இது உங்கள் ஆபீசில்தான் இருந்ததா என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

"நம்ம ஊடுன்னு சொல்றதுக்கு வெக்கமாப்பா?"

இல்லை கண்ணு என்று சொல்ல வாயெடுத்தேன். வரவில்லை. அவள் பெட்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிப் பேசியதில்லை. வேலை நன்றாகப் போகிறது. பெங்களூர்க்காரர்கள் வீடு எங்கே என்று கேட்டால், ரோட்டுக்குக் கீழே என்றுதான் முதலில் சொல்கிறாள். எனக்குக் கேட்கிற மாதிரி சொல்கிறாளோ என்று தோன்றும்.

ரெஜினா போட்ட அடையாளம் அப்படியே தங்கிவிட்டது. கதவு எண் இல்லாத குழிக்காரர்கள் ஒவ்வொருவராக அதையே பிடித்துக்கொண்டார்கள். கூரியர் ராசு வீட்டுக்கு மேலே, கூரியர் ராசு வீட்டுக்குப் பக்கத்தில் என்றுதான் இப்போது அவர்கள் முகவரி கொடுக்கிறார்கள். மாரியக்காவும்தான். வீட்டை மறைத்துத் திரிந்தவன் வீடு குழிக்கே அடையாளம். வேறு கம்பெனிப் பையன்களும் அதைப் பார்த்துத்தான் இறங்கி வருகிறார்கள். குழாயடியில் நின்று, கூரியர் ராசு ஊடு எதுங்க என்று சத்தம் போடுவார்கள். முதலில் எல்லாம் அந்தக் குரல் கேட்டால் சமையற்கட்டுக்குள் போய் நின்றுகொள்வேன், வேறு யாராவது கைகாட்டட்டும் என்று.

நேற்றும் ஒருத்தன் வந்தான். நல்ல மழை. மாரியக்காவுக்குப் பெரிய பெட்டி, தோளில் தூக்கி வைத்திருந்தான். அவன் கூப்பிட்டான், யாரும் வெளியே வரவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டான். கோகிலா மீட்டிங்கில் இருந்தாள். ஹெட்போனைக் கழற்றி என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் எழுந்து வாசலுக்கு வந்தேன். குழி முழுக்கக் கேட்கிற மாதிரிதான் சொல்ல வேண்டியிருந்தது, மழை அப்படி.

"இதுதானுங்க. இது என் ஊடுதானுங்க."